மோட்டார் வண்டியின் வில்லும் பஃபரும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் பாதைகளிற் கார் செலுத்துவோர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. வண்டியின் அடிப்பாகம் தரையில் இடிக்கின்றது என்பதே அது. இதற்குரிய காரணம் பெரும்பாலும் இவ்விடத்து மண்ணிலேயே அமைந்துள்ளது. பன்னெடுங் காலத்திற்கு முன் கடல் இப்பிரதேசத்தை மூடியிருந்தபோது படிந்த சுண்ணாம்புக் கல்லே அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகளுக்கு ஆதாரம். அக்கல்லையும் சிமெண்டையும் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பாரம் பாதையை அழுத்துகின்றது. மேலும், இங்குப் பல பாகங்களிற் காணும் கரிசல் மண் மழையிற் பருத்துக் கோடையில் வெடிக்கும் இயல்பினது. அதன்மீது இட்ட பாதை நாளடைவில் அலைபோல் மேடு பள்ளமாகின்றது. வேகத்தடைகளும் உடன் சேருமாயின், குடும்பத்தோடு செல்லும் சிறிய காரின் பின்பக்கம் தாழ்ந்து இடிப்பதில் வியப்பில்லை.

இக்குறைக்குப் பரிகாரமாகப் பலர் நாடுவது, சுருள் வில்லின் இடையே செருகும் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் வளையமாகும். அதனைப் பஃபர் என்பர். அதனை வீட்டிலேயே பொருத்தலாம். ஆயினும் அது செய்வது யாது, செய்யாதது யாது என்று அறியாமற் பொருத்துதல் தகாது. ஆதலின் அதனை இங்குச் சிறிது ஆராய்வோம்.

வில் என்பது நமக்குப் புதிய சொல் அன்று. இரும்புப் பட்டைகளை வளைத்து அடுக்கி அச்சின்மேல் அமைத்த மாட்டு வண்டியை வில்வண்டி என்றே நம் முன்னோர் வழங்கினர். லாரிகளின் பின்னச்சில் இன்றும் அத்தகைய பட்டை வில்லைக் காணலாம். சிறிய கார்களிலோ சுருள் வில்லே பெருவழக்கு. இழுத்தாலும் அமுக்கினாலும் வில் கொள்ளும் மாறுதல், இடும் விசைக்கு ஒத்த விகிதத்தில் இருக்கும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் என்பார் 1678-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டனர்.

பள்ளத்தின் அதிர்ச்சியை ஏற்பது வில்லே. ஆனால், ஏற்ற ஆற்றலை அது திருப்பிக் கொடுத்துவிடும். அவ்வாறே விட்டால் வண்டி ஊசல்போல் மேலுங் கீழும் ஆடிக்கொண்டேயிருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதனுள் எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருக்கப்படுவதால் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி ஒழிகின்றது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்து அமைக்கப்பட்டவை என்பதே நாம் இங்கு முக்கியமாகக் கருத வேண்டுவது.

சுருள் வில்லின் விறைப்பு, அசையும் சுருள்களின் தொகைக்கு எதிர் விகிதத்தில் உள்ளது. ஆறு சுருள்களில் ஒன்று பஃபரால் முற்றிலும் தடைப்பட்டதாகக் கொள்வோம். எஞ்சியவை ஐந்தாதலின் விறைப்பு 20 சதவீதம் மிகும். முன்பு பாரத்தால் 12 சென்டிமீட்டர் அமுங்கிய வில் இப்போது 10 சென்டிமீட்டரே அமுங்கும்; ஆகவே 2 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். ரப்பர் சற்றே நெகிழுமாதலால் உண்மையிற் கிடைப்பது இதனினுங் குறைவே. இவ்வுயரம் விலையின்றி வருவதன்று. ஷாக் அப்சார்பரோ பழையது. விறைத்த வில்லை அடக்கும் அதன் திறன் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைந்து நிற்கும். எஞ்சிய சுருள்களும் அதிக வருத்தத்தை ஏற்கும்.

ஆகவே, பொருத்துமுன் வண்டியைச் சோதித்தல் வேண்டும். பின் மூலையைக் கையால் அமுக்கி விடுக. எழுந்து உடனே அடங்காமற் பலமுறை ஆடுமாயின், அல்லது ஷாக் அப்சார்பரின்மீது எண்ணெய்க் கசிவு தோன்றுமாயின், மாற்ற வேண்டுவது அதுவே. வில் முறிந்திருப்பினும் பஃபர் அதற்கு மருந்தாகாது. நோயை மறைக்கும் போர்வையே ஆகும்.

இனிப் பொருத்தும் முறையைக் கூறுவோம். பாரத்தோடு நிற்கையிற் சுருள்களுக்கு இடையேயுள்ள இடைவெளியையும், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்க. அவ்விடைவெளிக்கு ஏற்ற பஃபரையே வாங்குக. வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்துக. கரிசல் தரையில் ஜாக்கி புதைந்து சாயும். பெரும்பாலான கார்களிற் கைப்பிரேக் பின்சக்கரங்களையே பிடிப்பதாதலின், பின்பக்கத்தைத் தூக்கியபின் அதனால் பயனில்லை. ஆதலால் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, வண்டியைக் கியரில் நிறுத்துக. தூக்கியவுடன் உறுதியான ஸ்டாண்டின்மேல் வண்டியை இருத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்க் கையையோ தலையையோ ஒருபோதும் நுழைக்கலாகாது; அவ்வாறு செய்து உயிரிழந்தோர் உளர்.

சக்கரம் தொங்குகையிற் சுருள்கள் விரியும். சேற்றைக் கழுவி, சோப்பு நீர் தடவிப் பஃபரைச் செருகுக. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கக் கூடுமாதலின் அதனைத் தவிர்க்க. இருபுறமும் ஒரே சுருளில், ஒரே அளவிற் பொருத்துக. இறக்கியபின் மீண்டும் அளந்து, இருபுறமும் ஒத்திருத்தலைக் காண்க. சக்கரத்தைக் கழற்றியிருந்தால் அதன் நட்டுகளைச் சிறிது தூரம் ஓடியபின் மறுபடி முடுக்குக. பின்பக்கம் உயர்ந்தால் முன்விளக்கின் ஒளி தாழுமாதலின் அதனையும் சரிபார்க்க.

முன்பக்கத்து வில்லைக் கழற்றி மாற்றுதல் மட்டும் வீட்டு வேலையன்று. ஒரு மில்லிமீட்டர் சுருங்க 25 நியூட்டன் விசை வேண்டும் வில்லை 15 சென்டிமீட்டர் சுருக்கினால், அதில் அடங்கும் ஆற்றல் ஏறக்குறைய 281 ஜூல். அது 29 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். பிடி நழுவினால் அவ்வளவும் ஒரு கணத்தில் வெளிப்படும். இதனைத் தக்க கருவியுடைய தொழிலாளரிடமே விடுதல் நன்று. பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுதலை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் தடுத்துள்ளது என்பதையும் நினைவிற் கொள்க.

மாணவ நண்பர்களே! வகுப்பிற் கற்கும் ஹூக்கின் விதி பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. உங்கள் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியிலும் அது நடந்துகொண்டேயிருக்கின்றது. அடுத்த முறை வண்டி இடிக்கும்போது, கடைக்குச் செல்லுமுன் ஓர் அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் உயரம் போதுமா, ஏற்றும் பாரத்தைக் குறைத்தல் போதுமா, அன்றித் தேய்ந்த உறுப்பை மாற்ற வேண்டுமா என்பது அதனால் தெளிவாகும்.