குளவிக் கூட்டிற் பிறப்பும் ஒழுக்கமும்

இராசபாளையத்தை அடுத்த சோழபுரத்திலும் அதன் சுற்றூர்களிலும், ஓட்டு வீட்டின் இறவாணத்தை அண்ணாந்து பார்ப்போர்க்குக் குளவிக் கூடு புதுமையன்று. குளவி என்னும் ஒரே பெயரால் நாம் இருவேறு உயிர்களைக் குறிக்கின்றோம். ஒன்று, மண்ணைக் குழைத்துச் சுவரில் வீடு கட்டும் தனிக்குளவி. மற்றொன்று, மரநாரை மென்று கூழாக்கி, காகிதம் போன்ற அறைகளை அமைத்துக் கூட்டமாய் வாழும் குளவி.

மண்குளவியைப் பற்றி நம் முன்னோரிடையே ஓர் உவமை வழங்கிற்று. அது புழுவைக் கொணர்ந்து கொட்டிக் கொட்டித் தன் வடிவாக்கும் என்பர். உண்மையில் அப்புழு குளவியாவதில்லை. கொட்டுண்டு செயலற்றுக் கிடந்து, குளவியின் முட்டையினின்று வெளிப்படும் குஞ்சுக்கு இரையாகின்றது. எனினும் பழக்கமே குணத்தை ஆக்கும் என்னும் கருத்து அவ்வுவமையில் உள்ளது. இதற்கு மாறாக, ‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்று நெசவும் நூற்பாலையும் மிக்க நம் பகுதியில் நாள்தோறும் கேட்கின்றோம். பிறப்போ, வளர்ப்போ, எது ஒழுக்கத்தை ஆக்குவது? இவ்வினாவுக்குக் கூட்டமாய் வாழும் குளவி என்ன விடை பகர்கின்றதென்பதை ஈண்டுக் காண்போம்.

அக்கூட்டில் முட்டையிடும் குளவி பெரும்பாலும் ஒன்றே. அதனை அரசி என்பர். ஏனைய பெண்குளவிகள் இரை தேடியும், கூடு கட்டியும், அரசியின் மக்களை ஊட்டியும் வாழ்நாளைக் கழிக்கின்றன. தம் மக்களைப் பெறாது பிறர் மக்களைப் பேணும் இவ்வியல்பு எங்ஙனம் தோன்றிற்று? 1964-ஆம் ஆண்டில் வில்லியம் ஹாமில்டன் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு கணக்குக் காட்டினார். ஆண்குளவி கருவுறாத முட்டையினின்று பிறப்பது. அதனிடம் மரபணுத் தொகுதி ஒன்றே உண்டு. அத்தொகுதி முழுவதும் அதன் மகள்கள் யாவற்றுக்கும் குறைவின்றிச் செல்கின்றது. ஆகவே ஒரே தந்தைக்குப் பிறந்த உடன்பிறந்தாள்கள் தம்முள் முக்காற்பங்கு மரபணு ஒற்றுமை உடையன. தாய்க்கும் மகளுக்குமோ அரைப்பங்கே. தன் மகளை வளர்ப்பதினும் தங்கையை வளர்ப்பது மரபணுவின் நோக்கில் இலாபமாம்.

கணக்கு அழகியது, ஆயினும் அது கூட்டில் மெய்யாகின்றதா என்று பார்த்தல் வேண்டுமன்றோ? அப்பணியை நம் நாட்டில் மேற்கொண்டவர் இராகவேந்திர கதக்கர் என்னும் பேராசிரியர். பெங்களூரில் 1909-இல் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அணுநிலை உயிர்நூல் பயின்று 1979-இல் பட்டம் பெற்ற இவர், மாணவப் பருவத்திற் பொழுதுபோக்காகக் கவனித்த குளவியையே பின்னர் வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக் கொண்டார். தென்னாட்டிற் பரவலாய்க் காணப்படும் ரோபலிடியா மார்ஜினேட்டா என்பதே அக்குளவி. இவரும் இவர்தம் மாணாக்கரும் ஒவ்வொரு குளவியின் முதுகிலும் வண்ணப் புள்ளியிட்டு அடையாளஞ் செய்தனர். கூட்டின்முன் அமர்ந்து, குறித்த நேரந்தோறும் இன்னது இன்னது செய்ததென்று ஏட்டிற் பதிந்தனர். இங்ஙனம் கண்டவற்றின் தொகுப்பு 2001-இல் நூலாக வெளிவந்தது.

அவர்கள் கண்டவற்றுள் மூன்றை மட்டும் கூறுகின்றோம்.

முதலாவது, அரசி ஒன்றிற்கு மேற்பட்ட ஆண்களோடு கூடுவதுண்டு. அரசிகளும் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. ஆகவே வேலைக்குளவி வளர்ப்பது தன் முழுத் தங்கையை மட்டுமன்று. வேறு தந்தையின் மகளையும், தமக்கையின் மகளையும், இன்னுந் தூரத்து உறவினையும் வளர்க்கின்றது. முக்காற்பங்கு என்னும் கணக்கு ஈண்டு நிற்பதில்லை. பின் ஏன் உழைக்கின்றது? தனித்துக் கூடு கட்டும் குளவி மக்கள் வளருமுன் மாண்டால் பட்ட பாடனைத்தும் வீண். கூட்டத்தில் உழைக்கும் குளவி இடையில் மாண்டாலும் எஞ்சிய பணியைப் பிற குளவிகள் முடிக்கும். இவ்வுறுதியும் கூட்டு வாழ்வுக்கு ஒரு காரணம் என்று கதக்கர் 1990-இல் விளக்கினார்.

இரண்டாவது, புதிதாய் வெளிவந்த பெண்குளவிகளைத் தனித்தனிப் பெட்டியில் வைத்து உணவூட்டியபோது, ஏறத்தாழப் பாதி முட்டையிட்டன. மற்றப் பாதி இடவில்லை. புழுப் பருவத்தில் நன்கு ஊட்டப்பெற்றவற்றுக்கே முட்டையிடும் ஆற்றல் மிகுதி. அரசிக்கும் வேலையாளுக்கும் உருவில் வேற்றுமை இல்லை.

மூன்றாவது, மிக வியப்பானது. இக்குளவிகளின் அரசி சாதுவானது; அதட்டி ஆள்வதில்லை; தன் உடலிற் சுரக்கும் மணப்பொருளால் தன் இருப்பை அறிவிக்கின்றது. அதனை அகற்றினால், சிறிது நேரத்தில் வேலைக்குளவிகளுள் ஒன்று மூர்க்கமுற்று ஏனையவற்றை அடக்கத் தொடங்குகின்றது. அரசியை மீட்டு வைத்தால் அது பழைய வேலைக்குத் திரும்பும். மீட்காவிடின் ஒரு வாரமளவில் முட்டையிடத் தொடங்கி, நாளடைவில் தானும் சாந்தமாகும். அடுத்த அரசி எது என்பதை முன்கூட்டிச் சொல்ல ஆராய்ச்சியாளரால் இயலவில்லை. ஆனால் கூட்டை இரு கூறாக்கி, இடையில் வலையிட்டு, அரசியை இப்பாலும் அப்பாலுமாக மாற்றி 2008-இல் வெளியிட்ட சோதனை, வாரிசு எதுவென்பது குளவிகளுக்கு முன்னரே தெரியும் என்னும் முடிபைத் தந்தது.

இனி, மரபணு தலைக்குள் யாது செய்கின்றது? இதனைத் தேனீயின் மூளையில் ஆராய்ந்தோர் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் ஜீன் ராபின்சன் குழுவினர். இளந்தேனீ கூட்டினுள் குஞ்சுகளை ஊட்டும். முதிர்ந்தது வெளியே சென்று தேன் தேடும். முதியவற்றை அகற்றினால் இளையவை காலத்துக்கு முன்னரே வெளிச் செல்லும். 2003-இல் அவர்கள் ஏறத்தாழ 5,500 மரபணுக்களைச் சோதித்தபோது, அவற்றுள் நூற்றுக்கு 39 அளவிலானவை இவ்விரு தொழிலினரின் மூளையிலும் வெவ்வேறு அளவில் இயங்கக் கண்டனர். பிறப்பில் வந்த மரபணு மாறவில்லை. அதன் இயக்கம் தொழிலோடு மாறிற்று. மரபணு ஒழுக்கத்தைத் தூண்டுவது போலவே, சூழலும் மரபணுவைத் தூண்டவும் அடக்கவும் வல்லதென்க.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. குணம் முழுதும் பிறப்பால் அமைவது என்று துணிந்தோர், 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இசைவோடும், 1933-இல் ஜெர்மனியில் இயற்றிய சட்டத்தாலும், எளியோர் பலரை மகப்பேறு அற்றவராக்கினர். பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன் என்னும் சொல்லை நம் நாடும் நெடுங்காலம் கேட்டது, இன்னும் கேட்கின்றது. குளவியின் ஒழுக்கத்தை மக்களுக்கு விதியாக்குதல் எப்பக்கத்தாலும் தவறு. ஆயினும், அணு அளவு மூளையுடைய குளவியிடத்தும் இன்னது அரசி, இன்னது ஏவலாள் என்று பிறந்தவுடன் கூற இயலாதாயின், மனிதக் குழந்தையின் நெற்றியில் அதனைப் படித்துவிட்டதாகக் கூறுவோரை நாம் எங்ஙனம் நம்புவது?

மாணவ நண்பர்களே! இவ்வாராய்ச்சியின் அடிப்படைக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஓர் ஏடும், கடிகாரமும், பொறுமையும் போதும். விடுமுறைக்கு ஊர் சென்று கூடொன்றைக் காணின், தீப்பந்தத்தை எடுக்குமுன், கொட்டுக்கு எட்டாத தொலைவில் ஒரு வாரம் அமர்ந்து பாருங்கள். எது இரை கொணர்கின்றது, எது ஊட்டுகின்றது, எது சும்மா இருக்கின்றது என்று நாள்தோறும் எழுதுங்கள். முதல் நாளில் நீங்கள் அரசியென்று குறித்தது ஏழாம் நாளிலும் அரசியாகவே நின்றதா என்பதைக் கல்லூரிக்குத் திரும்பியபின் எமக்குச் சொல்லுங்கள்.