வேகமான ரேம்: எவருக்கு அவசியம், எவருக்கு விரயம்?

புதிய கணினிக்கு ரேம் வாங்கச் செல்பவர், ஒரே 32 ஜி.பி. கொள்ளளவுக்கு 4800, 5600, 6000, 7200 என்று எண்கள் ஏறிக்கொண்டே போவதையும் அவற்றோடு விலையும் ஏறுவதையும் கண்டு, எண் பெரிதானால் பிரயோஜனமும் பெரிது என்ற முடிவுக்கு வந்துவிடுவது இயல்பே. அந்த அபிப்பிராயத்தில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று.

6000 என்னும் எண், விநாடிக்கு 600 கோடி முறை தரவு கைமாறுகிறது என்பதைக் குறிக்கிறது. ஒவ்வொரு முறையும் 8 பைட் செல்வதால், ஒரு சானலில் விநாடிக்கு 48 ஜி.பி. கிடைக்கும், பழைய டி.டி.ஆர்.4 வகையின் 3200 ரேமிலோ 25.6 ஜி.பி.தான். எனினும் எவ்வளவு தரவு வருகிறது என்பதைப் போலவே, கேட்ட தரவு எத்தனை விரைவில் வரத் தொடங்குகிறது என்பதும் பிரதானமாதலால், உறையில் அச்சிட்டிருக்கும் சி.எல். என்ற எண்ணையும் கவனிக்க வேண்டும். அதை 2000ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால், தாமதம் நானோவிநாடியில் வரும். இக்கணக்கின்படி 3200 சி.எல்.16க்கும் 6000 சி.எல்.30க்கும் தாமதம் 10 நானோவிநாடிதான், 4800 சி.எல்.40க்கோ ஏறத்தாழ 16.7. ஆகவே டி.டி.ஆர்.5 என்னும் புதிய தலைமுறையின் மலிவான ரேம், தாமதத்தில் பழைய தலைமுறையின் நல்ல ரேமுக்குப் பின்தங்கியே நிற்கிறது.

இந்த வேகத்தின் பலனை அதிகமாக அனுபவிப்பவர், தனி கிராபிக்ஸ் கார்டு இன்றிப் பிராசஸரிலேயே அமைந்த கிராபிக்ஸைக் கொண்டு கேம் ஆடுபவர். ஏனெனில் அங்கே திரைக்காட்சிக்கு வேண்டிய தரவெல்லாம் ரேமிலிருந்தே வரவேண்டும். வலிமையான கார்டு வைத்திருப்பவருக்கும், விநாடிக்கு மிகுந்த பிரேம்களை நாடும்போது ஓரளவு பலன் உண்டு. 4கே திரையில் ஆடினாலோ, கார்டின் சக்தியே எல்லையாகிவிடுவதால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும். ரைசன் 7 7800எக்ஸ்3டி போலத் தம்முள்ளேயே 96 எம்.பி. எல்3 கேஷ் நினைவகம் கொண்ட பிராசஸர்கள் ரேமை நாடுவதே குறைவு. கடிதம் எழுதுதல், கணக்கு வைத்தல், இணையம் பார்த்தல் ஆகியவற்றுக்கு வேகமான ரேமால் உணரத்தக்க நன்மை ஏதுமில்லை.

எனவே பணத்தைச் செலவிடுவதில் ஒரு கிரமம் வேண்டும். முதலிடம் கொள்ளளவுக்கு, ரேம் போதாமல் கணினி எஸ்.எஸ்.டி.யை நாடினால், நானோவிநாடிகளில் முடியவேண்டிய காரியம் மைக்ரோவிநாடிகளுக்கு நீண்டுவிடும், அந்த இழப்பை எந்த வேக எண்ணும் ஈடுசெய்யாது. இரண்டாம் இடம் இரட்டைச் சானலுக்கு: 32 ஜி.பி. ஒற்றை ரேமைவிட 16 ஜி.பி. ரேம் இரண்டு சிறந்தது. 4800 ரேம் இரண்டு சேர்ந்து விநாடிக்கு 76.8 ஜி.பி. தரும்போது, 7200 ரேம் ஒன்று தனித்துத் தருவது 57.6 ஜி.பி.தான். இவ்விரண்டும் நிறைவேறிய பின்னரே வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

டி.டி.ஆர்.5 வாங்குவோர்க்கு, ரைசன் 7000 வரிசைக்கு உகந்ததென்று ஏ.எம்.டி. நிறுவனமே குறிப்பிட்ட 6000 வேகத்தில் சி.எல்.30 ரேம் நல்ல தேர்வு; விலை வித்தியாசம் அதிகமானால் 5600 ரேமும் குறையன்று. 7200க்கு மேற்பட்டவை மதர்போர்டும் பிராசஸரும் ஒத்துழைத்தால்தான் நிலையாக இயங்கும். டி.டி.ஆர்.4 கணினி உடையவருக்கு 3200 சி.எல்.16 போதும், இருவகைகளும் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று பொருந்தாதாகையால், ரேமுக்காக மட்டும் மதர்போர்டை மாற்றுவது விவேகமாகாது.

எதை வாங்கினாலும், ரேமை அதன் உறையில் குறித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ அமைப்பைப் பயாஸில் இயக்கத் தவறக் கூடாது. இயக்காவிடில் 6000 ரேமும் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடும், கொடுத்த அதிக விலைக்குப் பலன் கிட்டாது. 6000க்கும் மேலான வேகத்துக்கென ஒதுக்கிய தொகை கையில் மிஞ்சினால், அதைக் கொள்ளளவிலோ கிராபிக்ஸ் கார்டிலோ இடுவதே பெரும்பாலோர்க்கு மிகுந்த பயன் தரும்.