விடுதியில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். பொறியியலை விட்டுவிட்டு ஊருக்கே வந்து பி.ஏ. சேர்ந்துகொள்கிறேன் என்று போனில் அழுதாய். அதைவிட, அறைத்தோழிகள் கட்-ஆஃப் கேட்டதும் வாய்க்கு வந்த மதிப்பெண்ணைச் சொல்லிச் சமாளித்தேன் என்றாயே, அதுதான் எனக்கு வலித்தது. இனி யார் கேட்டாலும் அரசுப் பள்ளிகளுக்கான ஏழரை சதவீத இடஒதுக்கீட்டில் வந்தேன் என்று நிமிர்ந்து சொல்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏன் தொழிற்கல்விக்குள் இவ்வளவு குறைவாக வருகிறார்கள் என்று நீதிபதி முருகேசன் ஆணையம் ஆராய்ந்த பிறகுதான், 2021இல் சட்டசபை அந்த இடஒதுக்கீட்டுச் சட்டத்தை இயற்றியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான இடம் அது. இயற்பியல் ஆசிரியர் இல்லாமல் பாதி வருஷம் ஓடிய பள்ளியில், டியூஷன் வாடையே இல்லாமல் நீ வாங்கிய மார்க் அது. லட்சங்கள் கட்டித் தனியார் விடுதிப் பள்ளிகளில் படித்தவர்களின் மார்க்கோடு ஒப்பிட்டு நீ ஏன் குறுகிப்போக வேண்டும்?

டிரான்ஸ்பார்மர் வெடித்துத் தெருவே இருண்ட ராத்திரி, லைன்மேன் பின்னாலேயே நின்று கேள்வி கேட்டவள் நீ. மின்வாரிய இன்ஜினியராகும் ஆசையை உனக்கு யாரும் ஊட்டவில்லை.

முதல் செமஸ்டர் கணக்கில் பெரும்பகுதி மேட்ரிக்ஸும் கால்குலஸும்தான். இரண்டையும் பிளஸ் டூவில் தமிழில் போட்டிருக்கிறாய். அந்தப் புத்தகத்தை அனுப்புகிறேன். அதைப் படித்துவிட்டுக் கல்லூரிப் புத்தகத்தைத் திற. வகுப்பில் புரியாததைத் தமிழிலேயே கேள். அரியர் விழுந்தால் எழுதிவிடலாம். கேட்காமலே இருந்து பழகிவிட்டால் நாலு வருஷமும் வீணாகிவிடும்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் ஆயிரம் ரூபாயை வீட்டுக்கு அனுப்பாதே. அண்ணன் கேட்கமாட்டார், நீயாக அனுப்புவாய், எனக்குத் தெரியும். அது உன் புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் வந்த பணம்.

இன்னொன்று. சாதியைக் கேட்டு யாராவது உன் தட்டையோ கட்டிலையோ ஒதுக்கினால் பொறுத்துப் போகாதே. உயர்கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டுப் புகாரை விசாரிக்க ஓர் அதிகாரி இருந்தாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதி வகுத்திருக்கிறது. எழுத்தில் கொடு, நகலை எனக்கு அனுப்பு. மறுநாளே வந்து உன் பக்கத்தில் நிற்பேன்.

செமஸ்டர் தேர்வு முடியும்வரை டி.சி. பேச்சை எடுக்காதே. ஞாயிறுதோறும் எனக்குப் போன் செய், அம்மா.

அன்புடன்,
சித்தப்பா