படச்சுருளா? எண்மமா?

ஐதராபாத் நகரில் உருவாகும் திரைப்படங்கள் இன்று பெரும்பாலும் டிஜிட்டல் எனப்படும் எண்மப் படக்கருவியிலேயே பதிவாகின்றன. முன்னர் அவை படச்சுருளில் பதிவாயின. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வழக்கு திரையுலகில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

படச்சுருள் என்பது வெள்ளி உப்புகள் பூசப்பெற்ற நீண்ட நாடா. ஒளி பட்டதும் அவ்வுப்புகள் மாற்றம் அடையும். ஆய்வகத்தில் கழுவிய பின்னரே உருவம் தெரியும். நொடிக்கு 24 படங்கள் பதிவாவதால், 35 மி.மீ. அகலமும் 1000 அடி நீளமும் உடைய சுருள் ஏறத்தாழ 11 நிமிடங்களில் தீர்ந்துவிடும். சுருளின் விலையும் மிகுதி. ஆதலால், நன்கு ஒத்திகை பார்த்த பின்னரே படக்கருவியை ஓட்டினர். அக்கட்டுப்பாடு கலையை வளர்த்தது என்பர் சுருளை விரும்புவோர். அதன் நிற மென்மை வேறெதிலும் வாராது என்பதும் அவர்தம் கருத்து.

எண்மக் கருவியை விரும்புவோர் கூறும் காரணங்களும் வலியனவே. எடுத்த காட்சியை அப்பொழுதே காணலாம். பிழையிருப்பின் உடனே மீண்டும் எடுக்கலாம். குறைந்த ஒளியிலும் படம்பிடிக்கலாம். சிறு முதல் உடையோரும் திரைப்படம் எடுக்க அது வழி திறந்தது. கமல்ஹாசன் நடித்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' 2005-ஆம் ஆண்டிலேயே எண்மக் கருவியால் எடுக்கப்பட்டது. 2013-இல் ஜப்பானின் பியூஜி நிறுவனம் படப்பிடிப்புக்கான சுருள் செய்வதையே நிறுத்தியது.

இவ்வழக்கில் பலரும் எண்ணாத வினா ஒன்று உண்டு. எடுத்த படம் எத்துணைக் காலம் நிலைக்கும்?

1931-இல் வெளிவந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும்படம். அதில் தமிழோடு தெலுங்கும் ஒலித்தது. இன்று அதன் படி ஒன்றேனும் இல்லை. 2003-இல் புனேயில் நிகழ்ந்த தீவிபத்தில் பழஞ்சுருள்கள் பல எரிந்து அழிந்தன. வெப்பமும் ஈரமும் மிகுந்த அறையில் கிடந்தால் சுருள் புளித்த காடியின் நாற்றம் வீசிச் சிதையும். குளிர்ந்த, உலர்ந்த அறையில் காத்தாலோ நூறாண்டு வாழும்.

எண்மப் பதிவும் அழிவற்றதன்று. வன்தட்டு பழுதாகலாம், இன்றைய கோப்பு வடிவத்தை நாளைய கணினி படிக்காமல் போகலாம். ஆதலால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கலங்களுக்கு அதனை மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

2019 டிசம்பரில் ஐதராபாத் அன்னபூர்ணா ஸ்டுடியோவில் 'பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேசன்' என்னும் அமைப்பு பயிலரங்கு ஒன்றை நடத்தியது. திரைப்படங்களைப் பாதுகாக்கவும் பழுதுற்ற சுருள்களைச் சீர்செய்யவும் அங்குக் கற்பிக்கப்பட்டது.

சுருள் ஆயினும் எண்மம் ஆயினும், பேணுவார் இல்லையேல் படம் இல்லை. கருவியைத் தேர்வது ஒரு நாள் வேலை. காப்பது தலைமுறைகளின் கடமை.

சொற்பொருள்
வழக்கு – வாதம். காடி – வினிகர். கலம் – சேமிக்கும் கருவி. பேணுதல் – காத்தல்

பயிற்சி
1. சுருளில் படம் எடுத்தோர் ஒத்திகைக்கு முதன்மை தந்தது ஏன்?
2. எண்மப் பதிவு அழியக்கூடும் என்பதற்கு இரு காரணங்கள் தருக.
3. 'வாராது', 'அழிவற்றதன்று' – பிரித்து எழுதுக: அழிவற்றதன்று.
4. உங்கள் வீட்டிலுள்ள பழைய ஒளிப்படம் ஒன்றில் இருப்போர் யாவர், அஃது எவ்வூரில் எடுக்கப்பட்டது எனப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.