பாரம் ஏறிய வள்ளத்துக்கு ஒரு புரொப்பல்லர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வள்ளத்தின் பின்பலகையில் இரண்டு புது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்கள். கழற்றிய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களின் புரொப்பல்லர்கள் மணலில் கிடக்கின்றன. "பழசு நல்லாத்தானே இருக்கு, அதையே மாட்டு" என்கிறாராம் வள்ளக்காரர். மாட்டாதே. ஷாஃப்டின் பல் பொருந்தி உள்ளே போய்விடலாம். ஆனால் இன்ஜின் மாறும்போது கியர் விகிதமும், முழு திராட்டிலில் ஓட வேண்டிய சுற்றும் மாறியிருக்கலாம். பழைய இன்ஜினுக்கு 4500 முதல் 5500 வரை என்றிருந்தால், புதியதற்கு 5000 முதல் 6000 என்று இருக்கலாம். கையேட்டைத் திறந்து அந்த வரியை முதலில் படி. புரொப்பல்லர் தேர்வு முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் நடக்கிறது.

புரொப்பல்லரின் நடுக் குடத்தில் பொறித்த இரண்டு எண்களில் முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். திருகாணி மரத்தில் ஏறுவதுபோல, ஒரு சுற்றுக்கு எத்தனை இஞ்ச் முன்னே போக வேண்டும் என்பதே பிட்ச். தண்ணீர் மரமல்ல, வழுக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார். இன்ஜின் 5200 சுற்று, கியர் விகிதம் 2.08 என்றால் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2500 தடவை சுற்றுகிறது. பிட்ச் 9 இஞ்ச் என்றால் மணிக்கு 18.5 கடல்மைல் போக வேண்டும். ஜிபிஎஸ் 14 காட்டினால், ஏறத்தாழ கால் பங்கு வழுக்கலில் போகிறது. பாரம் சுமக்கும் வள்ளத்தில் இது இயல்பு. பாதிக்குப் பாதி போனால்தான் எங்கோ கோளாறு.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முட்டத்தில் ஒரு வள்ளத்துக்கு இன்ஜின் பூட்டி, வலை இல்லாமல், இரண்டே பேரோடு ஓட்டிப் பார்த்தேன். சுற்று மேல் எல்லையைத் தாண்டியது. பிட்சை 2 இஞ்ச் கூட்டினேன். பறந்தது, வள்ளக்காரருக்கும் ஒரே மகிழ்ச்சி. சாளை சீசன் வந்தது. நனைந்த வலை, மீன், ஐந்து பேர் என்று பாரம் ஏறித் திரும்பும்போது, கைப்பிடியை முழுதும் திருகியும் இன்ஜின் 4200-ஐத் தாண்டவில்லை. கரையில் யாருக்கும் அது தெரியவில்லை, சத்தம் மட்டும் கனத்திருந்தது. அந்தப் பாரத்தோடு மாதக்கணக்கில் இழுத்து, பிஸ்டனில் கரி ஏறிப் பிடித்துக்கொண்டது. ஒரு குடும்பத்தின் சீசன் என் கையால் போயிற்று. போகும்போது லேசாக இருக்கும் வள்ளத்துக்கு நான் புரொப்பல்லர் பார்த்திருந்தேன். திரும்பி வரும் வள்ளத்துக்குப் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் நீ முழுப் பாரத்தோடு ஓட்டிப் பார். வலை, ஐஸ், எண்ணெய், ஆட்கள் எல்லாம் ஏறட்டும். முதல் நாளே முழு திராட்டில் கொடுக்காதே. முதல் 10 மணி நேரம் கையேடு சொல்கிறபடி பழக்கியபின் சோதி. இந்த இன்ஜின்களில் சுற்று காட்டும் மீட்டர் இருக்காது. பிளக் வயரில் சுற்றும் சின்ன டேக்கோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள். நீரோட்டத்தோடு ஒருமுறை, எதிர்த்து ஒருமுறை ஓட்டி இரண்டையும் குறித்துக்கொள். 1 இஞ்ச் பிட்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும். பாரத்தோடு 4700 வருகிறதென்றால் 2 இஞ்ச் குறை. "பிட்ச் குறைஞ்சா ஓட்டம் குறையுமே" என்று வள்ளக்காரர் வாதாடுவார். பாரத்தோடு ஓட்டியே காட்டு. மண்ணெண்ணெயில் ஓட்டுகிற வள்ளமென்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் சக்தி குறைவு, இழுவையில் தட்டும் சத்தம் சீக்கிரம் வரும். பிட்ச் குறைவாக இருப்பதே நல்லது.

ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வது பழைய வழிதான். 1837-ல் லண்டன் கால்வாய் ஒன்றில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி மரத் திருகு பூட்டிய படகைச் சோதித்துக்கொண்டிருந்தார். இரண்டு புரி கொண்ட திருகில் பாதி உடைந்து போனது. படகு நிற்கவில்லை, முன்பைவிட வேகமாகப் போனது. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். தண்ணீர் எதை ஏற்கும் என்பதைத் தண்ணீரிலேயே அவரும் தெரிந்துகொண்டார்.

சுற்று எகிறி, வள்ளம் நகராமல் நின்றால் உடனே புரொப்பல்லரைக் குறை சொல்லாதே. புரொப்பல்லருக்கு மேலே இன்ஜின் காலில் இருக்கும் தட்டு வள்ளத்தின் அடியோடு சமமாகவோ கொஞ்சம் தாழ்வாகவோ இருக்கிறதா பார். உயர்ந்திருந்தால் காற்றை இழுத்துக்கொண்டு சும்மா சுற்றும். குடத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குவதும் உண்டு. புஷ்ஷையும் குடத்தையும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு வை. ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் அதுதான் காரணம்.

மணலில் இழுக்கிற, பாறை ஓரம் போகிற நம் வள்ளங்களுக்கு அலுமினியமே போதும். அடிபட்டால் றெக்கை வளையும். ஸ்டீல் என்றால் அடி கியருக்குப் போகும். நான்கு றெக்கை பாரத்தில் நல்ல பிடிப்பு தரும், உச்ச வேகம் கொஞ்சம் குறையும்.

இரண்டு இன்ஜினுக்கும் ஒரே அளவு மாட்டு. ஒன்று நடுக்கடலில் நின்றுவிட்டால், மற்றதை முழுதும் திருகிப் பிடிக்கக் கூடாது என்று வள்ளக்காரரிடம் முன்பே சொல்லிவிடு. இருவர் தூக்கும் சுமை அப்போது ஒருவன் தலையில் இருக்கிறது. நின்றதைத் தூக்கி வைத்துக்கொண்டு, மற்றதன் திராட்டிலைக் குறைத்து மெதுவாக வரட்டும்.

கழற்றும் ஒவ்வொரு முறையும் ஷாஃப்டைப் பார். நைலான் வலை நூல் சுற்றிக்கொண்டு எண்ணெய் சீலை அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். பல்லுக்கு கிரீஸ் தடவு. வாஷரை எடுத்த பக்கமே வை. நட்டைப் பூட்டும் பழைய பின்னை மறுபடி வளைத்துப் போடாதே.

ஆனி, ஆடிக் கடல் எழும்புவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் பாரத்தோடு ஓட்டிய சுற்றையும் வேகத்தையும் எழுதி அனுப்பு. 8, 9, 10 பிட்சில் ஒவ்வொன்று என் கடையில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்