கணக்கு உங்கள் பெயரில், போன் நம்பர் யாருடையது?



நம் குழுக்களில் பணப்பெட்டி ஒருவர் வீட்டில் இருக்கும், சாவி இன்னொருவரிடம் இருக்கும். வங்கியில் பணம் எடுக்க ஒரு கையெழுத்து போதாது. இதையெல்லாம் உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கூட்டங்களில், "உங்கள் பெயரில் அரசாங்கக் கணக்கு ஆன்லைனில் இருக்கிறதே, அதன் சாவி யாரிடம் இருக்கிறது?" என்று நாங்கள் கேட்டால், "அது சென்டர் தம்பிகிட்ட இருக்குங்க", "பையனுக்குத்தான் தெரியும்" என்ற பதில்தான் அதிகம் வருகிறது.

எந்தக் கணக்கு என்கிறீர்களா? வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று என்று இ-சேவை மையத்துக்குப் போகிறோம். அங்கே முதல் முறை நம் பெயரில் 'கேன்' எண் ஒன்றைப் பதிவு செய்கிறார்கள். அது ஒரு கணக்கு. அடுத்தது டிஜிலாக்கர். மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்த இந்தப் பெட்டகத்தில் பிள்ளைகளின் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை எடுக்கலாம். அதில் அரசுத் துறையே தரும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று விதி செய்திருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஆதார்.

பாஸ்வேர்டு பெரிய விஷயம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதைவிடப் பெரியது போன் நம்பர். பாஸ்வேர்டு மறந்துவிட்டால் ஓ.டி.பி. வரவழைத்துப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஓ.டி.பி. எந்த போனுக்குப் போகிறதோ, அந்த போனை வைத்திருப்பவர்தான் கணக்குக்குச் சொந்தக்காரர் மாதிரி.

ஓர் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒருவர், போன் இல்லாத பெண்களுக்கெல்லாம் தன் நம்பரையே போட்டுப் பதிவு செய்து கொடுத்தார். உதவியாகத்தான் செய்தார், தப்பு எண்ணம் கிடையாது. இரண்டு வருடம் கழித்துக் கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார். மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு வருமானச் சான்று எடுக்கப் போன ஓர் அக்காவுக்கு ஓ.டி.பி. திருப்பூருக்குப் போகிறது! கடைசி நாளோ நெருங்குகிறது. அந்த அக்கா நாலு பேரைப் பிடித்து அவர் நம்பரைத் தேடி வாங்குவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மகன், கணவர் நம்பரைக் கொடுத்திருந்தால் தவறா என்று கேட்பீர்கள். வீட்டில் ஒரே போன் என்றால் வேறு வழி இல்லை. ஆனால் மகன் வெளியூர் போனால், வீட்டில் மனஸ்தாபம் வந்தால், உங்கள் சான்றிதழுக்கு அவர் தயவு வேண்டும். முடிந்தவரை உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கி அந்த நம்பரைக் கொடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் போட்டுவிடாதீர்கள். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாளாவது கழித்துத்தான் வேறொருவருக்குத் தரவேண்டும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் டிராய் சொன்னது. அதாவது மூன்று மாதம் கழித்து உங்கள் பழைய நம்பர் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கலாம். உங்கள் ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும்.

"ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே என்கிறார்கள், சென்டரில் கேட்கிறார்களே, என்ன செய்ய?" இது எல்லாக் குழுவிலும் வருகிற கேள்வி, நியாயமான கேள்வி. நீங்களே நேரில் போய், நீங்களே கேட்ட வேலைக்காக, அங்கே உட்கார்ந்திருக்கும்போது வருகிற எண்ணைக் கொடுக்கலாம். வந்த மெசேஜ் எதற்கு என்று ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். போனைக் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வீட்டில் இருக்கும்போது ஒருவர் போன் செய்து, "ஆபீஸ்ல இருந்து பேசுறோம், உங்களுக்குப் பணம் வந்திருக்கு, நம்பரைச் சொல்லுங்க" என்றால், அவர் கலெக்டர் பெயரையே சொன்னாலும் வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஆப்களும் அப்படித்தான். பி.எம். கிசான் பெயரிலேயே போலி ஆப் சுற்றியது.

இனி ரகசிய எண். டிஜிலாக்கருக்கு ஆறு இலக்கப் பின் எண் வைக்க வேண்டும். 123456, பிறந்த தேதி, ஆதாரின் கடைசி எண்கள், ஏ.டி.எம். எண்ணோடு இரண்டு சைபர் இவை வேண்டாம். உங்களுக்கு மட்டும் ஞாபகம் இருப்பதாகப் பாருங்கள்: முதல் கறவை மாடு வாங்கிய விலை, அதோடு ஓர் எண் என்பது போல. (இதையே எல்லோரும் வைத்துவிடாதீர்கள்!) எழுதியே வைக்கக்கூடாது என்று சொல்வார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். மறந்துபோய் அடுத்தவரிடம் போய் நிற்பதைவிட, வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு சீட்டில் எழுதி வைப்பது மேல். அது எந்தக் கணக்கின் எண் என்று மட்டும் எழுத வேண்டாம். ஆதார் கார்டின் பின்பக்கம், பாஸ்புக் அட்டை, சென்டர் நோட்டு ஆகியவற்றில் எழுதவே கூடாது. ஊக்குநர்களும், நம்பிக்கையின் பேரில் பத்துப் பேர் எண்ணை ஒரே நோட்டில் குறித்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஏதாவது ஒன்று நடந்தால் பழி உங்கள் மேல்தான் விழும்.

தெரியாமல் சொல்லிவிட்டால்? அழுதுகொண்டு உட்கார வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், 1930-க்குப் போன் செய்யுங்கள், பின் எண்ணை மாற்றுங்கள். ரகசிய எண்ணைச் சொன்னதால் போன பணம் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நம் நட்டம், தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. வீட்டுக்காரர் திட்டுவார் என்று ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் அந்த ராத்திரிக்குள் மிச்சமும் போய்விடலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஆதார் கார்டும் போனும் கொண்டு வாருங்கள். ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணையும் போன் நம்பரையும் போட்டால், இரண்டும் இணைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். படித்த உறுப்பினர் ஒருவர் பார்த்துச் சொல்லலாம், எண்ணை அவரவரே அழுத்துங்கள். சந்தேகம் இருந்தால் 1947-க்குப் போன் செய்து தமிழிலேயே கேட்கலாம். ஆதாரில் நம்பர் மாற்றும் வேலையைத் தபால்காரர் மூலம் செய்யும் ஏற்பாட்டை அஞ்சலக பேமெண்ட்ஸ் வங்கி 2021-ல் தொடங்கியது. நம்பர் மாற்ற வேண்டியவர்களின் பட்டியலைப் பஞ்சாயத்து வாரியாகக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் முடிக்க அஞ்சலகத்தில் பேசிப் பார்க்கிறோம். கேன் எண்ணில் உள்ள நம்பரை இ-சேவை மையத்தில் தனியாகத்தான் மாற்ற வேண்டும், அதையும் கையோடு கேட்டுவிடுங்கள். பட்டியலில் பெயரும் குழுவின் பெயரும் போதும். ஆதார் எண்ணை எழுத வேண்டாம்.