பழைய உழவு யந்திரத்தின் சிறு எஞ்சினைப் பழுது பார்த்தல்

சங்கத்தின் பொதுப் பணத்தில் வாங்கப்பட்ட சிறு உழவு யந்திரம் நாலைந்து வருஷம் உழைத்த பின், ஒரு நாள் எத்தனை முறை கயிற்றை இழுத்தும் கிளம்பாமல் நின்றுவிடுகிறது. அதைக் கொட்டகை மூலையில் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடுகிறார்கள். அடுத்த பொதுக் கூட்டத்தில் அதைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடலாமென்று தீர்மானமும் வருகிறது. இதனால் பெரிய பண்ணைக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் டிராக்டரை அமர்த்திக்கொள்வார். அரை ஏக்கரில் மஞ்சளும் கத்தரியும் வைத்து, மாடும் இல்லாமல், சங்கத்து யந்திரத்தையே நம்பியிருக்கும் அங்கத்தினர்தான் கஷ்டப்படுவார். ஆகையால் விற்பதற்கு முன் இரண்டு மணி நேரம் செலவிட்டு நோய் இன்னதென்று அறிவது அவசியம். நான் பார்த்தவரையில், பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியிருந்தது புதிய உறுப்பு அன்று, சுத்தம்தான்.

இங்கே சொல்லப்படுவது ஒற்றைச் சிலிண்டருள்ள, காற்றினால் குளிரும், நான்கு வீச்சுப் பெட்ரோல் எஞ்சினைப் பற்றியது. டீசல் எஞ்சினில் பிளக்கு இல்லை. அதன் வைத்தியம் வேறு. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் இரண்டு வீச்சு எஞ்சினும் உண்டு. அதில் வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் இறுகிப் போகும். உங்கள் யந்திரம் எவ்வகையைச் சேர்ந்ததென்பதை முதலில் நிச்சயம் செய்துகொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடுவதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். பெட்ரோலும் காற்றும் தக்க அளவில் கலந்து உள்ளே போக வேண்டும். அக்கலவையைப் பிஸ்டன் நன்றாக அமுக்க வேண்டும். அமுக்கிய சமயத்தில் தீப்பொறி விழ வேண்டும். இவற்றுள் எது குறைந்ததென்று அறியாமல் ஸ்பானரை எடுப்பது பெரும் பிசகு. நம்மவர்கள் முதலில் கார்ப்பரேட்டரைக் கழற்றுகிறார்கள், பிறகு காயிலைக் கழற்றுகிறார்கள், கடைசியில் இரண்டு திருகாணிகளைத் தொலைத்துவிட்டு மெக்கானிக்கை அழைக்கிறார்கள். அவர் பழைய நோயோடு புதிய நோயையும் தீர்க்க வேண்டியவராகிறார்.

வேலை தொடங்குமுன் பிளக்கின் தலையிலுள்ள தொப்பியை இழுத்து எடுத்து அப்பால் வைத்துவிடுங்கள். கத்திகளில் சுற்றிய வைக்கோலைக் கையால் பிடுங்கும்போது எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினாலும் விரல் போய்விடும். அடுத்தபடி எண்ணெயைப் பாருங்கள். யந்திரத்தைச் சமதரையில் நிறுத்திய பிறகே அளவைப் பார்க்க வேண்டும். ஹோண்டா ஜி.எக்ஸ். வகை எஞ்சின்கள் பலவற்றில், எண்ணெய் குறைந்தால் தீப்பொறியைத் தானாகவே நிறுத்திவிடும் சிறு கருவி உண்டு. இதை அறியாதவர்கள் புதிய காயில் வாங்கிப் பணத்தை இழக்கிறார்கள்.

இனிக் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் கை தடைபட்டுப் பின் விடுபட வேண்டும். தடையே தெரியாமல் வழுவழுவென்று வந்தால் அமுக்கம் குறைவு. பிளக்கைக் கழற்றி அத்துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டி மறுபடியும் இழுங்கள். இப்போது தடை கூடினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தன என்று கொள்ளலாம். கூடாவிட்டால் வால்வோ, தலைமூடியின் கேஸ்கட்டோ கசிகிறது. ஆனால் சில எஞ்சின்களில் கயிறு இழுக்க இலகுவாயிருக்கும் பொருட்டு, கிளப்பும்போது வால்வைச் சற்றே திறந்துவைக்கும் ஏற்பாடு உண்டு. ஆதலால் தடை சிறிது குறைவாயிருப்பதை மட்டும் வைத்து எஞ்சினைச் செத்ததாகத் தீர்த்துவிடலாகாது. இதற்கு மாறாக, கயிறு அசையவே இல்லையானால், முதலில் கத்திகளில் கல்லோ வேரோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் மழைக்காலத்தில் உள்ளே துருவேறியிருக்கலாம். பிளக்குத் துவாரத்தில் எண்ணெயும் சிறிது டீசலும் கலந்து விட்டு இரவு முழுதும் ஊறவிடுங்கள். குழாயை மாட்டி நெம்புவது கூடாது.

அமுக்கம் சரியென்றால் தீப்பொறியைப் பார்க்க வேண்டும். பிளக்கின் முனை கரி பிடித்துக் கறுத்திருந்தால் பித்தளைத் தூரிகையால் துலக்கி, இடைவெளியை ஃபீலர் கேஜினால் அளந்து 0.7 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பிறகு தொப்பியை மாட்டி, பிளக்கின் இரும்புப் பாகம் எஞ்சினின் தகட்டைத் தொடும்படி ரப்பர்ப் பிடியுள்ள குறட்டினால் பிடித்து, மற்றொருவர் கயிற்றை இழுக்க, நிழலில் பாருங்கள். சிந்திய பெட்ரோலை முன்னதாகத் துடைத்திருக்க வேண்டும்; பிளக்குத் துவாரத்தின் அருகே பொறியைக் காட்டக் கூடாது. நீல நிறப் பொறி பளிச்சென்று வந்தால் குற்றம் இங்கே இல்லை. வராவிட்டால், எஞ்சினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் கம்பியைக் காயிலினின்றும் பிரித்து மீண்டும் சோதியுங்கள். அக்கம்பியின் மேலுறையை எலி கடித்து அது இரும்பைத் தொட்டுக்கொண்டிருப்பது கிராமத்துக் கொட்டகைகளில் சகஜம். அதுவும் இல்லையானால் சக்கரத்திலுள்ள காந்தத்தின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, காந்தத்துக்கும் காயிலுக்கும் இடையே ஒரு விஸிட்டிங் கார்டின் கனம் இருக்கும்படி திருகாணிகளை முடுக்க வேண்டும். மிகப் பழைய எஞ்சின்களில் சக்கரத்தின் கீழே பாயிண்டு என்னும் தொடுமுனைகள் இருக்கும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனியார் 1982-ஆம் வருஷம் முதல் இதை விட்டு மின்னணு முறைக்கு மாறினார்கள். அதற்கு முற்பட்ட அவர்களுடைய எஞ்சின்களில் பாயிண்டின் இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர்.

பொறி நன்றாக வந்தும், கயிறு கையைப் பின்னுக்கு இழுத்து உதறுமானால், அண்மையில் யந்திரம் கல்லிலோ அடிமரத்திலோ மோதி நின்றதா என்று கேளுங்கள். சக்கரத்தையும் தண்டையும் பொருத்தும் சிறு சாவி பாதி அறுந்து, பொறி தவறிய காலத்தில் விழுவதாயிருக்கும். அந்தச் சாவியை மெத்தென்ற உலோகத்தில் செய்திருப்பது விலை மலிவுக்காக அன்று. மோதல் நேரும்போது தண்டு முறியாமல் சாவியே அறுவதற்காக. ஆணியை அராவி அவ்விடத்தில் அடிக்கும் சாமர்த்தியத்தை நான் கண்டிருக்கிறேன். அடுத்த மோதலில் அந்த எஞ்சினின் தண்டே போயிற்று.

மேற்சொன்ன இரண்டும் சரியாயிருந்தால் குற்றம் பெட்ரோலில்தான். பத்தில் ஏழெட்டு எஞ்சின்களைப் படுக்கவைப்பது இதுவே என்பது என் அநுபவம். சில மாதம் டேங்கில் கிடந்த பெட்ரோல் பிசின்போலாகிக் கார்ப்பரேட்டரின் நுண்ணிய துவாரங்களை அடைக்கிறது. நம் நாட்டில் 2023-ஆம் வருஷம் தொடங்கி 2025-க்குள் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் சாராயம் சேர்ப்பது பரவிவிட்டது. சாராயம் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் நீரும் சாராயமுமாகப் பிரிந்து அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். பழைய எஞ்சின்களின் ரப்பர்க் குழாய்களும் இதனால் ஊறிக் கெடுவதுண்டு.

இதைப் பரீக்ஷிப்பது எளிது. பிளக்குத் துவாரத்தில் அரைத் தேக்கரண்டி புதிய பெட்ரோலை விட்டுப் பிளக்கைப் பூட்டிக் கயிற்றை இழுங்கள். எஞ்சின் இரண்டு வினாடி ஓடி அணைந்தால், டேங்கிலிருந்து பெட்ரோல் வந்து சேரவில்லை என்பது திண்ணம். குழாயடைப்பை மூடிவிட்டு, கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக வையுங்கள். மிதவை தாராளமாக ஏறி இறங்குகிறதா, அதன் ஊசி வழியை மூடுகிறதா என்று பாருங்கள். நடுவிலுள்ள ஜெட்டின் துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனையளவு ஒளி தெரிய வேண்டும். அடைப்பிருந்தால் மின்சாரக் கம்பியின் ஒற்றைத் தாமிர இழையால் நீக்குங்கள். எஃகு ஊசியால் குத்தினால் துவாரம் பெரிதாகி, அன்று முதல் எஞ்சின் கரும்புகை கக்கும். பெட்ரோல் செலவும் ஏறும்.

ஒரு சங்கத்தில் யந்திரம் சரியாகப் பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடும். சற்று ஆறவிட்டால் மறுபடியும் பத்து நிமிஷம் ஓடும். இரண்டு மெக்கானிக்குகள் வந்து காயிலையும் கார்ப்பரேட்டரையும் மாற்றிப் போனார்கள். டேங்கு மூடியிலுள்ள காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டிருந்ததே காரணம். உள்ளே காற்றுப் புகாமையால் பெட்ரோல் இறங்கவில்லை. மூடியைத் தளர்த்தியவுடன் எஞ்சின் ஓடிற்று. செலவு ஒரு குண்டூசி.

காற்று வடிகட்டியைப் பற்றி இரண்டே வார்த்தை. பஞ்சானால் சோப்பு நீரில் அலசி உலர்த்தி, சில துளி எண்ணெய் தடவிப் பிழியுங்கள். காகிதமானால் தட்டிச் சுத்தம் செய்யலாமேயன்றி எண்ணெய் தடவலாகாது. வடிகட்டியின்றி ஒரு நாள் உழுதாலும் புழுதி சிலிண்டரை அரைத்துவிடும்.

ரிங்கு, வால்வு வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நலம். பிஸ்டன் கோல் முறிந்து எஞ்சினின் அடிப்பெட்டி உடைந்திருந்தால் மட்டும் விற்பனைத் தீர்மானத்துக்கு நானும் கை தூக்குவேன்.

பழுது தீர்ந்து ஓட்டிப் பார்ப்பது திறந்த வெளியில் இருக்கட்டும். கதவு மூடிய கொட்டகையில் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு, வாசனையே தெரியாமல் ஆளை வீழ்த்தும்.

இனிச் சங்கம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. யந்திரத்துக்கென்று தனிப் பதிவேடு வைத்து, வாடகைக்கு எடுத்தவர், ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய தேதி ஆகியவற்றை அதில் எழுதிவர வேண்டும். பலருக்குப் பொதுவான யந்திரத்தில் எண்ணெய் பார்ப்பது எவருடைய வேலையும் ஆகாமல் போவதால், ஓர் அங்கத்தினரை அதற்குப் பொறுப்பாக்கி, வாடகையில் ஒரு சிறு பங்கை அவருக்குக் கொடுப்பது நியாயம். நூறு மணிக்கொரு முறையாவது எண்ணெயை மாற்றவேண்டும். பருவம் முடிந்ததும் டேங்கிலுள்ள பெட்ரோலை வடித்து, கார்ப்பரேட்டரில் எஞ்சியது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, பிளக்குத் துவாரத்தில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்து வைத்தால், அடுத்த ஆடியில் சாக்கை எடுத்ததும் யந்திரம் வயலுக்குப் போகும்.